ஒரு மகரந்தத்தின் வழக்கு

"இவ்வளவு பெரியவர் சொல்லிவிட்ட பிறகு நீ யார் கேட்க?" என்று வாயை அடைப்பது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். அறிவு அவ்வழியில் வளரவில்லை என்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூளின் வழக்கை எடுத்துச் சொல்லுகிறோம்.

14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்ததைக் கிரட்டேஷியஸ் காலம் என்கிறார்கள். அக்காலத்து மரங்கள் மண்ணோடு மண்ணாயின. அவற்றின் மகரந்தமோ பாறைக்குள் இருக்கிறது. பாறையைத் திராவகத்தில் கரைத்தாலும் மகரந்தத்தின் மேல்தோடு கரைவதில்லை. அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து, பள்ளக் கோடு எத்தனை, துவாரம் உண்டா, காற்றுப்பை உண்டா என்று பார்த்து இனம் பிரிக்கிறார்கள்.

மகரந்த ஆராய்ச்சியில் பெரும்பேர் பெற்றவர் சுவீடன் தேசத்து எர்ட்மான். அவர் 1948-ல், கிரட்டேஷியஸுக்கும் முந்திய ஜுராசிக் காலத்து மகரந்தம் ஒன்றை விவரித்தார். அதில் மூன்று பள்ளக் கோடுகள் இருந்தன. அது பூக்கும் செடிகளின் அடையாளமாயிற்றே! சீனாவிலுள்ள யூக்கோமியா மரத்தின் மகரந்தம் போலிருப்பதால் யூக்கோமிடைட்ஸ் என்று பெயரும் வைத்தார். பூக்கும் செடிகள் அவ்வளவு பழமையானவையா என்ற கேள்வி கிளம்பிற்று.

பின்வந்தவர்கள், "எர்ட்மானே சொன்னார்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடவில்லை. மறுபடியும் உற்றுப் பார்த்தார்கள். கோடுகள் மூன்றும் ஒன்றுபோல் இல்லை. ஒரு பக்கம் பெரிதாக ஒன்றும், மறுபக்கம் சிறிதாக இரண்டும் இருந்தன. 1961-ல் ஹியூஸ் என்பவர், இங்கிலாந்தில் கிடைத்த கிரட்டேஷியஸ் காலத்து விதை ஒன்றின் உள்ளேயே இம்மகரந்தம் இருப்பதைக் காட்டினார். பூக்கும் செடியில் மகரந்தம் பூவின் சூல்முடியோடு நின்றுவிடும். அதிலிருந்து குழல் மட்டுமே உள்ளே இறங்கும். மகரந்தமே நேராக விதைக்கருவுக்குள் புகுவது பைன், தேவதாரு முதலிய விதை மூடாத இனங்களின் குணம். வழக்கு தீர்ந்தது. யூக்கோமியாவுக்கும் இதற்கும் உறவில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இதனால் எர்ட்மானின் மரியாதை குறைந்ததா? 1989-ல், டெக்ஸாஸில் கிடைத்த கிரட்டேஷியஸ் காலத்து ஆண் உறுப்பொன்றில் இதே வகை மகரந்தம் இருப்பதை விவரித்தவர்கள், அதற்கு எர்ட்மானிதீக்கா என்று அவர் பெயரையே சூட்டினார்கள்.

தோழர்களே! பெரியவரை மதிப்பது வேறு. அவர் சொல்லுக்கு அடிமையாவது வேறு. பிந்தியவன் கேள்வி கேட்டதால்தான் முந்தியவர் செய்த வேலை முழுமை பெற்றது. ஆகையால், உங்கள் பிள்ளை "அது எப்படி?" என்று கேட்டால் அதட்டாதீர்கள் என்பதே நமது வேண்டுகோள்.