கோப்புக்கும் ஒரு பிறப்புச் சான்றிதழ் வேண்டும்

எமது சஞ்சிகைக்கு வரும் ஆக்கங்களில் அதிகமானவை இப்போது பென் டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும்தான் வருகின்றன. கோப்புகளின் பெயர்களைப் பாருங்கள்: 'கவிதை', 'கவிதை புதியது', 'பைனல்', 'பைனல் 2'. திறந்தால் நல்ல கவிதைதான். எழுதியவர் யார், எந்த வருடம் என்று மட்டும் இல்லை. இரண்டு வருடம் கழிந்தால் அது யாருடையதும் அல்லாத கவிதையாகிவிடும்.

ஒரு கோப்பைப் பற்றிய இந்த விபரங்களை மெட்டா டேட்டா என்பார்கள். பெற்றோருக்கு இது புதிய விடயமல்ல. பிறப்புச் சான்றிதழின் இலக்கமும் திகதியும் கையில் இருந்தால் பிரதி எடுப்பது இலேசு. இல்லாவிட்டால் பதிவேடுகளைப் புரட்டித் தேட வேண்டும். ஆழிப்பேரலையில் பத்திரங்களை இழந்த நமதூர்க் குடும்பங்களுக்கு அந்த இலக்கத்தின் பெறுமதி தெரியும்.

மென்பொருள் எழுதுபவர்கள் இதில் மிகவும் கறார். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய 'கிட்' என்ற முறையில், களஞ்சியத்தில் சேரும் ஒவ்வொரு மாற்றத்தோடும் செய்தவர் பெயர், நேரம், ஏன் செய்தார் என்ற குறிப்பு ஆகியவை பதிவாகின்றன. 'பைனல் 2' என்று இன்னொரு பிரதி வைக்கத் தேவையில்லை. பழைய வடிவமும் அங்கேயே இருக்கும்.

அதே 2005இல் தொடங்கியதுதான் நமது நாட்டின் நூலகம் இணையத்தளம். அதில் ஒரு நூலைத் திறந்தால் முதலில் நூலக எண், ஆசிரியர், மொழி, பக்கங்கள் என்றொரு சிறு அட்டவணை இருக்கும். அதற்கு முன்பே எஸ்.எச்.எம். ஜெமீல் 'சுவடி ஆற்றுப்படை'யிலும், என். செல்வராஜா தொகுதிக்கு 1000 நூல்கள் வீதம் 'நூல்தேட்ட'த்திலும் இவ்விபரங்களைத் திரட்டினார்கள். கவிதை எழுதியவரைப் பாராட்டுகிறோம்; பட்டியல் எழுதியவரை யார் பாராட்டுகிறார்கள்?

"கூகுளில் தேடினால் வரும்தானே" என்கிறாள் என் தோழி. தாளில் இல்லாத பெயரைக் கூகுள் எங்கிருந்து எடுக்கும்? இருக்கும் பெயரிலும் சிக்கல் உண்டு. பாத்திமா, பாதிமா, ஃபாத்திமா என்று மூன்று விதமாக எழுதுகிறோம். ரிஹானா, றிஹானா இரண்டும் ஒருவரே என்று கணினிக்கு யாரும் சொல்லவில்லை. இதில் ஒரு வருடம் முதலெழுத்தோடு, மறு வருடம் ஊர்ப்பெயரோடு, பிறகு புனைபெயரில் எழுதினால் ஒரே மாணவி நான்கு பேராகிவிடுகிறாள். வெறும் 'தரம் 12 மாணவி' என்று போட்டால் அவள் இல்லாமலே போகிறாள்.

பெண் பிள்ளையின் முழுப்பெயர் எதற்கு இணையத்தில் என்று வாப்பாமார் கேட்பது நியாயம்தான். ஆனால் பதிந்து வைப்பது வேறு, வெளியிடுவது வேறு. முழுப்பெயரும் புனைபெயரும் கல்லூரிப் பதிவேட்டில் இருக்கட்டும். எது அச்சில் வர வேண்டும் என்பதை அவளும் வீட்டாரும் முடிவு செய்யட்டும். முகவரியும் தொலைபேசி இலக்கமும் எதற்குமே தேவையில்லை.

ஆகவே இவ்வருட இதழிலிருந்தே தொடங்கலாம். கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு ஆக்கத்தின் வகை, கடைசியில் பெயர். மாதத்தை இரண்டு இலக்கத்தில் எழுதினால் கணினியே காலவரிசையில் அடுக்கிவிடும். எழுதியவர், வகுப்பு, திருத்தியவர், வெளிவந்த பக்கம் ஆகியவற்றை ஒரு எக்ஸல் தாளில் குறிக்க ஆக்கமொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். உயர்தரம் முடித்து நாங்கள் வெளியேறும்போது அடுத்த குழுவின் கையில் கொடுக்க வேண்டியது அந்தத் தாள்தான்.

பழைய இதழ்களுக்கு உம்மாமாரின் உதவி வேண்டும். இங்கு படித்தவர்கள் பலர் இன்னும் அலுமாரியில் அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பெயரில்லாத அந்தக் கவிதைகளை எழுதியது எந்தத் தோழி என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்பினால் போதும்.