‘இன்னாருடைய அம்மா’: ஒரு பெயர் வழக்கும் சில கேள்விகளும்

ஏதேனும் ஒரு மழலையர் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். ‘ஆரவ் அம்மா’, ‘தியா மம்மி’, ‘கபீர் மாம்’ என்று அது நீண்டுகொண்டே போகும். அவர்களுள் மருத்துவர் இருக்கலாம். வங்கி அலுவலர் இருக்கலாம். நம்மைப் போல் ஆய்வேட்டோடு போராடிக்கொண்டிருப்பவரும் இருக்கலாம். அந்தப் பட்டியலிலிருந்து அதை அறிய வழியில்லை.

பிள்ளையின் பெயரால் பெற்றோரைச் சுட்டும் இவ்வழக்கம் புதிதன்று. மானிடவியலர் எட்வர்ட் டைலர் 1889இல் வெளியான கட்டுரையொன்றில், குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு இதற்கு ‘டெக்னானிமி’ என்று பெயரிட்டார். இந்தியில் ‘முன்னி கீ மா’ என்பதும் தமிழில் ‘குமார் அம்மா’ என்பதும் இவ்வகையின. கணவன் பெயரை மனைவி உச்சரிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த வீடுகளில் ‘குமார் அப்பா’வும் அதே அளவு வழங்கியது. அரபு மரபில் ‘அபூ’, ‘உம்மு’ என்னும் முன்னொட்டுகள் தந்தைக்கும் தாய்க்கும் இணையாக, மதிப்புக்குரிய விளிகளாகவே நிற்கின்றன. ஆகவே இவ்வழக்கத்தை அடையாள அழிப்பு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட இயலாது. பிள்ளையின் பெயரால் அறியப்படுவதில் மகிழ்ச்சி கொள்ளும் தாயிடம் அது பிழையென்று சொல்லும் உரிமையும் நமக்கில்லை.

என் கேள்வி வேறு. பழைய வழக்கில் இருந்த இணை இன்று எங்கே போயிற்று? நான் பார்த்தவரை இத்தகைய குழுக்களில் தந்தையர் மிகச் சிலரே. இருக்கும் சிலரும் தத்தம் பெயரிலேயே இருக்கின்றனர். திரையில் தோன்றும் ‘ஆரவ் அம்மா’ என்பது உறவுப்பெயரின் வடிவில் இருந்தாலும் பதவிப்பெயரின் வேலையையே செய்கிறது. நாளை மஞ்சள் உடையில் வர வேண்டும் என்று இரவு ஒன்பதரைக்கு வரும் அறிவிப்பும், கட்டணம் செலுத்தக் கடைசி நாள் என்ற நினைவூட்டலும் அந்தப் பதவிக்கு வருபவை. அலுவலகப் பதவிக்கு வேலை நேரம் உண்டு, இதற்கு இல்லை.

தொழில்நுட்பம் தாயின் சுமையைக் குறைத்துவிட்டது என்ற பேச்சை இங்கேதான் சோதித்துப் பார்க்க வேண்டும். நடுவண் அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் 2019இல் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டனர். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024 ஆய்வில் இவை முறையே 289, 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது உண்மைதான். ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. 202 நிமிடமாக இருந்த இடைவெளி 201 ஆயிற்று. மளிகை முதல் மருந்து வரை செயலிவழி வாசலுக்கு வரத் தொடங்கிய ஐந்தாண்டுகளில் இடைவெளி சுருங்கியது ஒரே ஒரு நிமிடம். அதிலும், குழுச் செய்திகளைப் படித்து, எதையும் மறவாமல் மனத்தில் சுமந்து திரியும் உழைப்பு இத்தகைய நிமிடக் கணக்கில் எளிதில் அகப்படாது.

வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்னும் நூல், அமெரிக்க வீடுகளைப் பற்றி இதையொத்த ஒன்றைக் காட்டியது. வீட்டுக்குள் வந்த கருவிகள் பெரும்பாலும் ஆண்களும் பிள்ளைகளும் பணியாளரும் செய்துவந்த பங்கையே குறைத்தன. தூய்மை குறித்த எதிர்பார்ப்போ உயர்ந்துகொண்டே போனது. கருவி மாறியும் பொறுப்பு மாறவில்லை.

உழைப்புக்கு அழைக்கும்போது தாயைத் தேடும் இதே சமூகம், அதிகாரம் வழங்கும்போது என்ன செய்தது? எழுத்தாளர் கீதா ஹரிஹரன், மகன் பெயரில் பத்திரம் வாங்கத் தாம் காப்பாளராகக் கையொப்பமிட்டு விண்ணப்பித்தபோது, தந்தையின் கையொப்பம் கேட்கப்பட்டது. தந்தை உயிருடன் இருக்கையிலும் உரிய சூழலில் தாய் இயற்கைக் காப்பாளராக இருக்கலாம் என்ற விளக்கத்தை உச்ச நீதிமன்றம் தர 1999 வரை காத்திருக்க நேர்ந்தது. அரசு ஆவணங்களில் தாயின் பெயரும் கட்டாயம் என்று மகாராட்டிர அரசு முடிவெடுத்தது 2024இல். கையெழுத்துக்கு அப்பா, வீட்டுப்பாடத்துக்கு அம்மா என்பதே நெடுங்காலம் எழுதாச் சட்டமாக இருந்திருக்கிறது.

இவ்விவாதம் கைப்பேசி உடைய பெண்களைப் பற்றியது என்பதையும் மறக்கலாகாது. தாமே பயன்படுத்தும் கைப்பேசியை உடைய பெண்கள் ஏறத்தாழ 54 விழுக்காட்டினரே என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. கணவர் அல்லது மகனின் கருவியைக் கேட்டு வாங்கிப் பேசும் தாய்க்கு, தனக்கென ஒரு எண் கிடைப்பதே பெரும் விடுதலை. அதே கருவிவழிப் பாடம் கேட்பவர்களும் பொருளீட்டுபவர்களும் உண்டு. கருவியைப் பழிப்பது என் நோக்கமன்று.

நம் வளாகத்திற்கு வருவோம். முனைவர் பட்ட ஆய்வுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள், ஆய்வுக்காலம் முழுமைக்குமாகப் பெண் ஆய்வாளருக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தருகின்றன. போராடிப் பெறத்தக்க உரிமை அது. குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் தந்தையாகும் ஆய்வாளரைப் பற்றி அதே விதிகள் ஏதும் பேசவில்லை. விதியின் மௌனம் பேராசிரியர் அறைகளிலும் எதிரொலிக்கிறது. ‘குழந்தையையும் ஆய்வையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?’ என்ற கேள்வி பெண்ணிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. ஒவ்வொரு கேள்விக்குள்ளும் ஒரு முற்கோள் ஒளிந்திருக்கும் என்று மொழியியல் வகுப்பில் கற்கிறோம். சமாளிக்க வேண்டியவர் இவர் ஒருவரே என்பதுதான் இக்கேள்வியின் முற்கோள். ‘சமநிலை’ பற்றிய கருத்தரங்குகள் பலவும் இதை ஏற்றுக்கொண்டே தொடங்குகின்றன.

பெரிய தீர்வு எதையும் நான் முன்வைக்கவில்லை. பள்ளிக் குழுக்களில் பெற்றோர் இருவரும் தத்தம் பெயரில் சேர்க்கப்படட்டும். பிள்ளையின் பெயர் அடைப்புக்குறிக்குள் வரட்டும். அறிவிப்புகளுக்கு ஒரு நேர வரம்பு இருக்கட்டும். ‘எப்படிச் சமாளிக்கிறீர்கள்?’ என்று அடுத்த முறை ஒரு தந்தையிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் கைப்பேசியில் எத்தனைப் பெண்கள் ‘இன்னாருடைய அம்மா’வாகப் பதிவாகியிருக்கிறார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். பெயர் தெரியாதவர்களிடம், எந்தப் பெயரில் பதிந்துகொள்ள விருப்பம் என்று இன்றே கேட்டுவிடலாம்.