எத்தனை டெஸ்லா என்று கேட்டால் போதுமா?

எம்ஆர்ஐ எடுக்கப் போகிறவர்கள் ஸ்கேன் சென்டரில் விசாரிப்பது பெரும்பாலும் காந்தத்தின் வலு எத்தனை டெஸ்லா என்பதைத்தான். ஒன்றரையைவிட மூன்று துல்லியமானது என்ற நம்பிக்கை விளம்பரப் பலகைகளிலிருந்து வீடுகள்வரை பரவியிருக்கிறது. காந்தம் வலுத்தால் சமிக்ஞை கூடும், நுணுக்கங்கள் தெளியும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், படத்தில் ஒரு புள்ளி தெரியும் இடத்தில்தான் அது தலைக்குள்ளும் இருக்கிறதா? இந்த விஷயத்தில் வலுத்த காந்தம் சிக்கலைக் கூட்டவே செய்கிறது.

ஹைட்ரஜன் அணுக்கருக்கள் எழுப்பும் அதிர்வெண்ணை வைத்தே எம்ஆர்ஐ இடத்தைக் கணக்கிடுகிறது. ஒரு டெஸ்லாவுக்கு அது விநாடிக்குச் சுமார் 4.26 கோடி அதிர்வுகள் (ஹெர்ட்ஸ்). காற்றும் திசுவும் காந்தத்தை ஏற்கும் விதம் வேறுவேறு. அதனால் மூக்கையொட்டிய காற்றறைகளுக்கு மேலும் காதருகிலும் காந்தப்புலம் பிசகுகிறது; பிசகிய அதிர்வெண்ணை இயந்திரம் வேறோர் இடம் என்றே எடுத்துக்கொள்கிறது. ஒன்றரையிலிருந்து மூன்றுக்குப் போனால் இந்தப் பிசகு இரட்டிப்பாகும்.

இயற்பியலாளர் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு 1977-இல் முன்வைத்த, மிக வேகமாகப் படமெடுக்கும் எக்கோ பிளானர் முறையில்தான் பாதிப்பு அதிகம். பக்கவாதத்துக்கான டிஃப்யூஷன் படங்களும் நரம்பிழைப் பாதை வரைபடங்களும் பெரும்பாலும் இம்முறையில் எடுக்கப்படுபவை. ஒரு புள்ளிக்கு 20 ஹெர்ட்ஸ் என்றிருக்கும் படத்தில் 100 ஹெர்ட்ஸ் பிசகினால் 5 புள்ளிகள் நகரும். 2 மில்லிமீட்டர் புள்ளியென்றால் ஒரு சென்டிமீட்டர்! மூளைக் கட்டியை அகற்றும் அறுவை மருத்துவருக்கு அது பேச்சுக்கும் கைகால் அசைவுக்குமான பாதை தப்புவதா அறுபடுவதா என்ற தூரம்.

இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. புலத்தின் பிசகையே அளந்து படத்தைத் திருத்தும் வழியை ஆய்வாளர்கள் ஜெஸார்டும் பாலபனும் 1995-இல் காட்டினார்கள். எதிரெதிர் திசைகளில் இரு படங்கள் எடுத்து ஒப்பிடும் வழி இன்னும் வலுவானது. ஒன்றில் நசுங்கிய பகுதி மற்றதில் இழுபட்டுக் கிடக்கும்; இரண்டுக்கும் நடுவில் உண்மையான இடம் அகப்படும். கூடுதல் படத்துக்குப் பெரும்பாலும் ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. இதை மென்பொருளின் ஒட்டுவேலை என்று ஒதுக்குகிறவர்கள் மூலப்படமே கணக்குப் போட்டு வரைந்ததுதான் என்பதை மறக்கிறார்கள். அளவீட்டின் பாதியில் நிறுத்திய படத்தை அசல் என்று கொண்டாட முடியாது.

திருத்தத்துக்கும் எல்லை உண்டு. சமிக்ஞையே மறைந்துபோன இடத்தை எந்தக் கணக்கும் மீட்காது. அதனால்தான் அறிக்கையில் டெஸ்லா எண்ணுக்குப் பக்கத்திலேயே எந்தத் திருத்தம் செய்யப்பட்டது, எந்தப் பகுதியை நம்பக்கூடாது என்றும் எழுதவேண்டும். அறுவைக்குத் திட்டமிடும் மருத்துவர் அதைக் கேட்டு வாங்கவேண்டும்.