ஆற்று மீனும் நமது கடமையும்

விழுப்புரம், திண்டிவனம் சந்தைகளில் கடல் மீனோடு ஏரி மீனும் ஆற்று மீனும் விற்பனையாகின்றன. ஏழைக் குடும்பங்களுக்கு இவை மலிவான, புஷ்டியான உணவாகும். ஆகவே அம்மீன் வளரும் நீரைப் பற்றிச் சங்க அங்கத்தினர்கள் சிந்திப்பது அவசியம்.

நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூர் நகரத்துக் கழிவுநீரையும் ஏற்றுக்கொண்டே நம்மிடம் வருகிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி எழும் காட்சியைப் பத்திரிகைகளில் அன்பர்கள் கண்டிருக்கலாம். நுரையேனும் கண்ணுக்குப் புலனாகும். ஈயம், காட்மியம், பாதரசம் முதலிய உலோகங்களோ புலனாவதில்லை. அவை சேற்றில் படிந்து, புழுவிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து விராலுக்கும் செல்லக்கூடியவை. பாதரசமோ படிக்குப் படி பெருகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் இவை அழிவதில்லை. ஜப்பானில் மினமாட்டா விரிகுடா மீனை உண்டவர்களுக்கு நேர்ந்த கொடிய நரம்பு நோய் 1956-ல் வெளிப்பட்டு உலகையே திடுக்கிடச் செய்தது.

பழியனைத்தையும் மேற்கே உள்ளவர் மீது சுமத்துவது நியாயமன்று. நாம் தோய்க்கும் சாயங்களிற் சிலவற்றில் செம்பும் குரோமியமும் உண்டு. நாம் வயலில் இடும் பாஸ்பேட் உரத்தில் காட்மியம் சிறிதளவு கலந்திருக்கிறது. திருப்பூர்ச் சாயக் கழிவினால் நொய்யல் ஆறு பாழானதையும், சென்னை உயர் நீதிமன்றம் 2011-ல் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் நெசவாளர் எவரும் மறந்திருக்க முடியாது.

"இவ்விதம் எழுதினால் மீனவர் பிழைப்புக் கெடுமே" என்று சிலர் வினவலாம். பிழைப்பைக் கெடுப்பது வதந்தியே, பரிசோதனை அன்று. ஒரு கிலோ மீனில் ஈயம் 0.3 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக உணவுத் தர விதி. வீடூர், சாத்தனூர் அணைகளின் மீனைச் சர்க்கார் ஆண்டுக்கு இருமுறை பரிசோதித்து, முடிவைத் தமிழில் மீன் அங்காடியிலேயே ஒட்டட்டும். நல்ல மீன் என்று தெரிந்தால் மீனவருக்கும் லாபம், வாங்குவோருக்கும் நிம்மதி.

அதுவரை மீனை ஒதுக்க வேண்டியதில்லை. ஈயமும் காட்மியமும் சதையைவிட ஈரல், குடல், செவுள் ஆகியவற்றில் மிகுதியாகத் தங்குமாதலால் அவற்றை நீக்கிச் சமையுங்கள். ஒரே வகை மீனை நாள்தோறும் உண்ணாது மாற்றி உண்ணுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கழிவு கலந்த நீரில் பிடித்த மீனைத் தவிர்ப்பது நலம்.

நமது சங்கங்கள் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே இப்பரிசோதனையைக் கோரித் தீர்மானம் நிறைவேற்றுமாக. அத்துடன், சாயத் தொட்டி நீரை வாய்க்காலில் விடமாட்டோம் என்ற உறுதியையும் நாமே முதலில் மேற்கொள்வோமாக. தன் கை சுத்தமாயிருப்பவன் கேட்கும் கேள்விக்கே மதிப்பு உண்டு.