கணினிக்கு விசிறி: அளந்து பார்த்துப் பணம் கொடுப்போம்

கடைக்கு ஒரு மூட்டை துவரம்பருப்பு வந்தால் எடை போடாமல் நாம் உள்ளே விடுவதில்லை. சாக்கின் எடையைக்கூடக் கழித்துத்தான் கணக்கு எழுதுகிறோம். ஆனால் பில் போடும் கணினி சூடேறி நின்றுவிட்டால், பழுது பார்க்க வருபவர் ஒரு விசிறியை மாட்டி, "ஓடுது பாருங்க" என்கிறார். நாமும் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். இந்தப் பழக்கம் கூடாது என்பது நம் கருத்து.

இதைச் சில்லறை விஷயமாக அங்கத்தினர்கள் ஒதுக்க வேண்டாம். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் நம் கணக்கெல்லாம் கணினிக்குள் போய்விட்டது. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் மற்றொரு வியாபாரிக்குச் சரக்கு விற்றால் மின்-விலைப்பட்டியல் எடுத்தாக வேண்டும். கணினி நின்றால் லாரியும் நிற்கும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அங்கத்தினர் ஒருவரின் மளிகை மொத்தக் கடையில் இதுதான் நடந்தது. பகல் 11 மணிக்கு மேல் கணினி அரை மணிக்கு ஒருமுறை தானாக அணைந்தது. வந்தவர் இரண்டு புது விசிறி போட்டார். மறுநாளும் அதே கதை. "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். நாம் போய்ப் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் உள்நோக்கியே ஊதிக்கொண்டிருந்தன! சூடான காற்று நேராக வெளியேற வழியின்றி உள்ளேயே சுழன்றது. பிராசஸர் மேலிருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் மாவும் தூசியும் கம்பளிபோல் படிந்திருந்தன. பெட்டி வைத்திருந்ததோ மேஜைக்கடியில், கதவு போட்ட அலமாரியில்.

முன்பக்க விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். பின்பக்க விசிறி சூட்டை வெளியே தள்ள வேண்டும். விசிறியின் ஒரு பக்கத்தில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் இருக்கும். காற்று வெளிவருவது அந்தப் பக்கம். சந்தேகமானால் காலையில் பூஜைக்கு ஏற்றிய ஊதுபத்தியைப் பெட்டிக்கு வெளியே சற்றுத் தள்ளிக் காட்டுங்கள். முன்னால் புகை உள்ளே போக வேண்டும், பின்னால் விலகி ஓட வேண்டும்.

வாங்கும்போது, பெட்டியில் இடமிருந்தால் 120 மில்லிமீட்டர் விசிறியே நல்லது. 80 மில்லிமீட்டர் விசிறி அதே அளவு காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டும், சத்தமும் அதிகம். அட்டையில் அச்சிட்டிருக்கும் காற்றளவை அப்படியே நம்ப வேண்டாம். அது முன்னால் தடை எதுவுமின்றி அளந்தது. தூசி வலை போட்டால் குறையும்.

இனி எடை போடும் விஷயம். பிராசஸரின் சூட்டைக் காட்டும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. விசிறி மாட்டுமுன், வேலை நெருக்கடியான நேரத்தில் அரை மணி ஓடவிட்டு அந்த எண்ணை எழுதுங்கள். பக்கத்தில் அறையின் வெப்பத்தையும் எழுதுங்கள். மாட்டியபின் அதே வேலை, அதே அரை மணி, மறுபடி எழுதுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் ஒப்பிட வேண்டும். காலையில் அறை 30 டிகிரி இருக்கும்போது எடுத்ததையும் பகலில் 38 டிகிரியில் எடுத்ததையும் அப்படியே ஒப்பிடுவது, படிக்கல்லை மாற்றி வைத்து நிறுப்பது போலாகும். விசிறி குளிர்சாதனம் அல்ல. எத்தனை போட்டாலும் அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது.

விசிறி தேவையா என்பதையே முதலில் சோதிக்கலாம். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அரை மணி ஓட்டுங்கள். சூடு நன்றாகக் குறைந்தால் பெட்டியில் காற்றோட்டம் போதவில்லை, விசிறி உதவும். குறையவில்லை என்றால் புது விசிறி வீண் செலவு. பிராசஸர் மேலுள்ள தகடுகளைச் சுத்தம் செய்து, காய்ந்த பேஸ்ட்டை மாற்றினாலே போதும் என்று கொள்ளலாம்.

மளிகை, மிளகாய், அரிசி மண்டிக்காரர்கள் மாதம் ஒருமுறையாவது தூசி ஊத வேண்டும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். இல்லாவிட்டால் ஊதும் வேகத்தில் விசிறி தறிகெட்டுச் சுற்றி பேரிங் கெடும்.

மேற்படி கடையில் பின் விசிறியைத் திருப்பிப் போட்டு, தூசி எடுத்து, பேஸ்ட் மாற்றி, பெட்டியை அலமாரிக்கு வெளியே வைத்தோம். பழைய மதர்போர்டுதான் இன்னும் ஓடுகிறது. பழுது பார்ப்பவர்கள் எல்லோரையும் நாம் குறை சொல்லவில்லை. நாம் சத்தத்தைக் கேட்டே பணம் கொடுத்தால் அவர்களும் சத்தத்தைத்தான் விற்பார்கள். அடுத்த முறை வருபவரிடம், மாட்டுமுன் எத்தனை டிகிரி, மாட்டியபின் எத்தனை டிகிரி என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தபின் கல்லாவைத் திறக்கலாம்.