கம்பியும் தோலும்: பழுது பார்க்கிறவர் பேர் என்ன?

அம்பத்தூர் ஓ.டி., ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி என்று இந்த மேற்குப் பக்கத்துக் குடியிருப்புகளில் பேஸ் கிட்டார் வாசிக்கிற நம் பையன்கள் இருக்கிறார்கள். பலர் சர்ச்சில் பழகியவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, வாரநாளில் எஸ்டேட்டில் ஷிப்ட், முகூர்த்த நாளில் மெல்லிசைக் கச்சேரி. இவர்களில் ரெண்டு பேர் டீக்கடையில் சேர்ந்தால் பேச்சு 'டோன்' பற்றித்தான். எந்தக் கம்பி, எந்த பிக்கப், எந்த ஆம்ப், யாருடைய பெடல்.

இதைக் கேட்கிற இயக்கத் தோழர்களில் ஒரு சாரார் முகம் சுளிக்கிறார்கள். பறை இருக்கும்போது வெள்ளைக்காரன் கருவி எதுக்கு என்கிறார்கள். இன்னொரு சாரார் உள்ளூர சந்தோஷப்படுகிறார்கள்: அப்பாடா, தோலைத் தொடாத கருவி ஒண்ணு நம்ம பசங்க கைக்கு வந்துச்சே, சாவு வீட்டு வாசல்ல நிக்க வேண்டாம், மேடையில நிக்கலாம். ரெண்டு சாராரிடமும் எனக்குத் தகராறு இருக்கிறது. கருவிக்குள் சாதி இல்லை. வாசிக்கிறவனையும் அதைச் செய்து பழுது பார்க்கிறவனையும் பிரித்து வைக்கிற கோட்டில் இருக்கிறது. சாதி வெறும் வேலைப் பிரிவினை இல்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிற ஏற்பாடு என்று அம்பேத்கர் 1936இல் சொன்னதை இசைக்கருவி விஷயத்தில் நாம் பொருத்திப் பார்த்ததே இல்லை.

முதலில் பையன்களின் டோன் பேச்சை மரியாதையோடு கேட்போம். அதில் அறிவு இருக்கிறது. பேஸின் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் வினாடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. அடுத்தவை 55, 73, 98. இவ்வளவு தாழ்ந்த சுருதியை 34 அங்குல நீளத்தில் எப்படி வரவழைப்பது? கம்பிக்கு எடை ஏற்ற வேண்டும். அதனால் நடுக் கம்பியின் மேல் இன்னொரு கம்பியைச் சுற்றுகிறார்கள். சுற்றுகிற கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட். சத்தம் பளீரென்று இருக்கும், விரல் தேய்க்கிற ஓசை கேட்கும். பட்டையாக இருந்தால் ஃப்ளாட்வவுண்ட். சத்தம் மொத்தென்று, வயிற்றில் வந்து உட்காரும். ரவுண்ட்வவுண்டில் வியர்வையும் அழுக்கும் சுற்றுகளின் இடுக்கில் புகுந்து நாளாவட்டத்தில் பளபளப்பு செத்துவிடும். புதுசு நாலு கம்பி ஒரு நாள் கூலியை விட அதிகம் என்பதால் நம் பையன்கள் பழைய கம்பியைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணியில் போட்டு எடுத்துத் துடைத்து மாட்டுகிறார்கள். கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். கம்பியில் துரு ஏறாமல் இருக்க ஈரம் போக நன்றாகக் காய வைக்கணும் என்பது வரைக்கும் அனுபவத்தில் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் மரக் கழுத்து வளைந்துவிடும். கம்பி பிரெட்டில் இடித்து 'ஜிர்ர்' என்கும். கழுத்துக்குள் ஒரு இரும்புத் தண்டு ஓடுகிறது, டிரஸ் ராடு என்பார்கள். அதை ஆலன் கீ போட்டு கால் சுற்று திருப்பி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். அவசரப்பட்டு முறுக்கினால் தண்டே போச்சு. பாதி 'டோன் பிரச்சனை'க்கு வைத்தியம் இந்தக் கால் சுற்றுதான். இன்னொரு பாதிக்கு வைத்தியம் சால்டரிங். வால்யூம் திருகினால் கரகர, ஜாக்கை அசைத்தால் சத்தம் போய் வருது. எர்த் சரியாக இல்லாத வீட்டில் ஆம்ப் ஓயாமல் இரைகிறது. கம்பியைத் தொட்ட கையோடு மைக்கில் உதடு பட்டால் ஷாக். இதற்கெல்லாம் வெளிநாட்டு பெடல் வாங்கினால் இரைச்சல் இன்னும் பெரிசாகக் கேட்கும், அவ்வளவுதான்.

பேஸ் டோன் பேசுகிற எவரும் கடைசியில் வந்து நிற்கிற பேர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936இல் தென் கரோலினாவில் பிறந்து டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்த கறுப்பர். மோடவுன் கம்பெனியின் அறுபதுகளின் பாட்டுகளில் உலகமே இடுப்பை ஆட்டியது இவர் விரலுக்கு. விரல்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். 1962ஆம் வருஷத்து ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பி. அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். அழுக்கில்தான் சத்தமே இருக்கிறது என்கிற கட்சி. பாலத்து மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம், நாதம் நீளாமல் 'தும்' என்று நிற்க. இதைக் காசு கொடுத்து வாங்க முடியாது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அவர் பேர்? மோடவுன் இசைத்தட்டுகளில் வாசித்தவர் பேர் போடுகிற வழக்கம் இல்லை. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தட்டு உறையில்தான் அந்தக் கூட்டத்துக்குப் பேர் கிடைத்தது. அந்தக் கம்பெனியின் முதலாளியும் கறுப்பர் என்பதைக் கவனியுங்கள். நம்ம ஆள் முதலாளி ஆகிவிட்டால் மட்டும் வாசிக்கிறவன் பேர் உறையில் ஏறிவிடாது. 1983இல் ஜேமர்சன் செத்துப்போனார். அதற்குச் சற்று முன்னால் அந்த பேஸும் திருடு போய்விட்டது.

அவர் கையில் இருந்த கருவியின் தலையில் மட்டும் ஒரு பேர் எப்போதும் இருந்தது: ஃபெண்டர். யார் இந்த லியோ ஃபெண்டர்? கலிபோர்னியாவில் புல்லர்டன் என்கிற ஊரில் 1938இல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. ரிப்பேருக்கு வந்த கருவிகளைப் பிரித்துப் பார்த்துப் பார்த்தே 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். 1965இல் கம்பெனியை 130 லட்சம் டாலருக்கு விற்றார். பழுது பார்க்கிறவன் பேர் கருவியின் நெற்றியில் ஏறுகிற சமூகம் அது. வெள்ளையாக இருந்தால் சீக்கிரம் ஏறும், அது வேறு கதை.

அந்தத் தொழிற்சாலையில் 1956இல் அபிகெயில் இபாரா என்கிற மெக்சிகோ வழிப் பெண் வேலைக்குச் சேர்ந்தார். வேலை பிக்கப் சுற்றுவது. காந்தத்தைச் சுற்றி முடியை விட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும். எத்தனை சுற்று, எவ்வளவு இறுக்கம் என்பதில் டோன் மாறும். 2013இல் ஓய்வு பெறும்போது, அவர் கையெழுத்துப் போட்ட பிக்கப்பைத் தேடி அலைகிற ஆட்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். கூலிக்கு காயில் சுற்றிய ஒரு பெண்ணின் கையெழுத்துக்கு விலை!

இங்கே பாடியிலிருந்து ஆவடி வரை ஃபேன் மோட்டார் காயில் சுற்றுகிற கடை எத்தனை? லேத்தில் பித்தளையை நூல் பிசகாமல் கடைகிற கை எத்தனை? அதே கைகள் பிக்கப் சுற்றும், பாலத்துக்குச் சேடில் கடையும், பிரெட்டை அரத்தால் சமப்படுத்தும். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஒப்பந்தத் தொழிலாளியாக அலைகிற தம்பியிடம் இந்த வித்தை பாதி ஏற்கெனவே இருக்கிறது. மீதிப் பாதி காது. அதை பேஸ் வாசிக்கிற தம்பி தருவான். ரெண்டு பேரும் ஒரே தெருவில் இருந்துகொண்டு, ஒருத்தன் மவுண்ட் ரோட்டுக் கடையில் போய் நிற்கிறான், இன்னொருத்தன் வேலை தேடுகிறான்.

சரி, நம் நாட்டில் தாழ்ந்த நாதத்தைப் பற்றி யோசித்தவர்களே இல்லையா? மிருதங்கத்தின் இடந்தலையைப் பாருங்கள். தொப்பி என்பார்கள். கச்சேரிக்கு முன்னால் ரவையைத் தண்ணியில் பிசைந்து அதன் நடுவில் அப்புகிறார்கள். தோலுக்கு எடை ஏறுகிறது, அதிர்வு குறைகிறது, 'கும்' என்கிற கார்வை வருகிறது. கச்சேரி முடிந்ததும் வழித்தெடுத்துவிடுவார்கள். பேஸ் கம்பிக்கு மேல் கம்பி சுற்றுவதும் இதே கணக்குதான். வலந்தலையில் நிரந்தரமாக ஏற்றுகிற கருப்புச் சாந்தும் இந்தக் கணக்கின் இன்னொரு வடிவம். இதைக் கண்டுபிடித்துச் செம்மை செய்தவர்கள் சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களா?

டி.எம்.கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகத்தில் மிருதங்கம் செய்கிறவர்களின் வரலாற்றை எழுதினார். அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதம் என்று ரசிகர்கள் உருகினார்களே, அந்த நாதத்துக்காக அவரோடு சேர்ந்து தோலோடு மல்லுக்கட்டியவர் தஞ்சாவூர்க் குடும்பத்தைச் சேர்ந்த பர்லாந்து. மாடு, ஆடு, எருமை என மூன்று தோலும் மிருதங்கத்தில் இருக்கிறது. அதை உரித்துப் பதம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது ஒரு கை. பூஜை போட்டு மடியில் வைத்து வாசிப்பது இன்னொரு கை. சாவும் ரத்தமும் முதல் கையோடு நின்றுவிட வேண்டும், நாதம் மட்டும் மேடைக்கு வர வேண்டும். இதை எழுத்தில் சொன்னதற்கே கலாக்ஷேத்ரா அந்தப் புத்தக வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியை ரத்து செய்தது. தரமணியில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் 2020 பிப்ரவரியில் வெளியீடு நடந்தது. செத்த மாட்டின் தோலை உரித்தார்கள் என்று 2016 ஜூலையில் குஜராத் ஊனாவில் நம் ஆட்களைக் கட்டிவைத்து அடித்தார்களே, அந்தத் தோலும் இந்தத் தோலும் வேறு வேறா?

பார்ப்பனிய அழகியலைத் திட்டுவது சுலபம், நமக்குப் பழக்கமும் கூட. நம் மேடைக்கு வருவோம்.

1990களில் தலித் கலைவிழாக்களில் பறை விடுதலை முழக்கமாக மேடையேறியது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த ஊர்களும் உண்டு, நிமிர்ந்து நின்று அடிப்போம் என்று கையில் எடுத்த இளைஞர்களும் உண்டு. ரெண்டும் போராட்டம்தான். 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி நடந்தபோது கிட்டாரும் டிரம்ஸும் பறையும் சட்டியும் கட்ட மோளமும் ஒரே மேடையில் நின்றன. அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற சொல்லிலிருந்து பேர் எடுத்த குழு. அதைப் பார்த்துப் பிறகு எத்தனையோ பையன்கள் பேண்ட் ஆரம்பித்தார்கள். நல்லது.

ஆனால் மேடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது? பேஸுக்கு அரை மணி நேரம் சவுண்ட் செக். பறைக்காரர் தோலைக் காய்ச்ச இடம் கேட்டால் 'ஹாலுக்குள்ள நெருப்பெல்லாம் கூடாது, வெளிய போங்க'. காய்ச்சினால்தான் தோல் இறுகும், இறுகினால்தான் குரல் வரும். கிட்டாருக்கு டியூனர் மாதிரி பறைக்கு நெருப்பு. இதுகூடப் புரியாத நிகழ்ச்சி அமைப்பாளர் நம் இயக்கத்துக்காரராகவே இருக்கிறார். அதனால்தான் ஃபைபர் பறை பரவுகிறது. மழையில் தொய்யாது, நெருப்பு வேண்டாம், கையில் நாற்றம் இல்லை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோலைத் தொடுகிற வேலையிலிருந்து ஒருவர் வெளியே வர நினைத்தால் வரட்டும், அது அவர் உரிமை. ஆனால் ஃபைபர் வந்ததும் தோல் இழுத்துக் கட்டுகிறவரின் அறிவு எங்கே போகிறது என்று யாராவது கேட்டோமா? கன்றுத் தோலா, வயசான மாட்டுத் தோலா, எந்தப் பதத்தில் இழுக்கணும், வளையத்தில் எப்படி ஒட்டணும், இதெல்லாம் அவர் தலையோடு போய்விடுமா?

போன மாதம் ஒரு ஒத்திகையில் பார்த்தேன். ஃப்ளாட்வவுண்டா ரவுண்ட்வவுண்டா என்று ஒரு தம்பி முக்கால் மணி நேரம் பேசினான், அழகாகப் பேசினான். பக்கத்தில் இருந்த பறையைக் காட்டி, 'இத யாரு கட்டுனது?' என்றேன். 'தெரியலண்ணா, வாங்கிட்டு வந்தாங்க' என்றான். ஜேமர்சன் பேரைச் சொல்லுகிற வாய், தன் குழுவின் தோலைக் கட்டிய ஆளின் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பையனைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அந்தப் பேரை நாம் எந்த நோட்டீசிலும் போட்டதில்லையே, அவனுக்கு எப்படித் தெரியும்?

சினிமாவிலும் இதே கதைதான் ஓடியது. இளையராஜா பாட்டுகளின் பேஸை வரிவரியாகச் சிலாகிக்கிற ரசிகர்களில் எத்தனை பேருக்கு அதை வாசித்த சசிதரன் பேர் தெரியும்? ஏ.ஆர்.ரகுமான் உறைகளில் வாசித்தவர் பேரை அச்சிட்ட பிறகுதான் கீத் பீட்டர்ஸ் மாதிரி ஒரு சென்னை பேஸ் கலைஞரின் பேர் கேட்பவர்களிடம் போய்ச் சேர்ந்தது. உறையில் ஒரு வரி கூடுதலாக அடிக்க என்ன செலவாகிறது?

நம் பக்கத்து அம்பேத்கர் மன்றங்களிலும் இரவுப் பாடசாலைகளிலும் ஒரு மேஜை ஒதுக்கலாம். சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், ஆலன் கீ செட், ரெண்டு அரம். இவ்வளவு போதும், ஒரு பெடலின் விலைக்குள் முடிந்துவிடும். காயில் சுற்றுகிறவர் வாரம் ஒரு நாள் வந்து உட்காரட்டும். அதே மேஜையில் இன்னொரு நாள் தோல் கட்டுகிறவர் உட்காரட்டும். இருவருக்கும் கூலி உண்டு, 'நம்ம சமுதாயத்துக்காகச் செய்யுங்கண்ணே' என்கிற ஓசிப் பேச்சு கூடாது. பெண்பிள்ளைகளும் வரணும். ஸ்பீக்கர் தூக்க மட்டும் ஆண்பிள்ளைகள், பாட மட்டும் பெண்பிள்ளைகள் என்கிற ஏற்பாடும் ஒரு கோடுதான்.

அடுத்த ஏப்ரல் 14க்கு நோட்டீஸ் அடிக்கிற தோழர்கள் கவனத்துக்கு: தலைவர்கள் பேருக்குக் கீழே பாடகர்கள் பேர் வரும், அதற்குக் கீழே வாசிப்பவர்கள். அதற்கும் கீழே ரெண்டு வரி இடம் விடுங்கள். கம்பியும் காயிலும் பார்த்தவர் இன்னார், தோல் கட்டியவர் இன்னார். மைதானத்து ஓரமாகப் பறை காய்ச்ச ஒரு இடமும், பக்கத்தில் ஒரு வாளி தண்ணியும், போலீஸ் அனுமதிக் கடிதத்தில் அதற்கும் ஒரு வரி.