எல்லாப் புற்றுக்கும் ஸ்டெம் செல்லா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நாய்க்கும் மனிதருக்கும் ஸ்டெம் செல் சிகிச்சை பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை பாதிதான் சரி. ஸ்டெம் செல் சிகிச்சையான எலும்பு மஜ்ஜை மாற்றை நாய்களிடம் பல்லாண்டு சோதித்து மனிதருக்குக் கொண்டுவந்த டொனால் தாமஸ் 1990இல் நோபல் பெற்றார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் அந்த மாற்று நடக்கிறது. ஆனால் பெரும்பாலும் ரத்தப் புற்று போன்றவற்றுக்குத்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி, ரத்த ஸ்டெம் செல் மாற்றுக்கு ஏற்கப்பட்ட நோய்கள் போக மற்றதெல்லாம் ஆய்வுக்குள் மட்டுமே. இதைக் கட்டுரை சொல்லவே இல்லை.

எல்லாப் புற்றுக்கும் ஸ்டெம் செல் தேவையுமில்லை. எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனில் ஒரு தெருநாய்க்குப் பிறப்புறுப்பில் கட்டி வந்து ரத்தம் சொட்டியது. கால்நடை மருத்துவர் வாராவாரம் வின்கிரிஸ்டின் ஊசி போட்டார், கட்டி கரைந்துவிட்டது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கும் அந்த மருந்தைப் போடுகிறார்கள். அதே லைனில் வயிற்றுப் புற்று வந்த ஒரு பெரியவரோ, 2001இல் தங்கச் சுரங்கம் மூடியபோது வந்த பணத்தின் மிச்சத்தை, நோட்டீஸை நம்பி, ஏதோ ஒரு தனியார் கிளினிக்கின் 'ஸ்டெம் செல் ஊசி'க்குக் கொட்டினார். பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டிய மாதங்கள் வீணாயின.

இனி இத்தகைய கட்டுரைகளோடு, எந்த நோய்க்கு அனுமதி உண்டு, எது ஆய்வில் மட்டும் என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். அதையே இங்குள்ள அரசு மருத்துவமனையில் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி வைக்கலாம்.

முன்னாள் சுரங்கத் தொழிலாளி,
மாரிகுப்பம், கோலார் தங்கவயல்.